காதைப் பிடித்துத் தூங்கிய குழந்தையின் பக்கம்

ரேவதி, நித்யா,

கடைசி நாளன்று என் மேஜைச் சாவியை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கியவள், பாதிப் படியில் நின்று மறுபடியும் மேலே வந்து, "பிரிண்டர் பேப்பர் கீழ்த்தட்டுல இருக்கு" என்று சொன்னேன். அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இருவரும் சிரித்தீர்கள். நான் சொல்ல வந்தது பேப்பரைப் பற்றி அல்ல. என்ன சொல்ல வந்தேன் என்பது அப்போது எனக்கே பிடிபடவில்லை. வீட்டில் சாமான் கட்டும்போதுதான் பிடிபட்டது. அதை எழுதிவிடுகிறேன்.

நம் வேலையை வெளியே சொன்னால் யாருக்கும் சட்டென்று புரியாது. பதிப்பகமா என்று கேட்பார்கள், இல்லை. அச்சகமா என்பார்கள், அதுவும் இல்லை. எழுதியவர் நம் மாடிக்கு ஏறி வருகிறார். நாம் பக்கம் கட்டி, அட்டை போட்டு, சமவெளியில் எங்கோ இருக்கும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் நிறுவனத்தின் தளத்தில் ஏற்றுகிறோம். யாராவது ஒரு பிரதி கேட்டால் ஒரு பிரதி அச்சாகும். யாரும் கேட்காவிட்டால் அது கோப்பாகவே இருந்துவிடும். பச்சைத் தேயிலையின் விலை விழுந்த பிறகு இந்த மலையில் யாரும் புத்தகத்தைக் கட்டுக்கட்டாக அடித்துப் பரணில் வைக்கும் நிலையில் இல்லை. அதனால்தான் நம் மாடிக்கு ஆள் வருகிறார்கள். அதே விலைச் சரிவில்தான் என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் டீ ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் மட்டும் ஓட ஆரம்பித்தது. இப்போது நாங்கள் கோயம்புத்தூருக்கு இறங்குகிறோம். என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்ததும் அதிலிருந்து எழுப்பியதும் ஒன்றேதான்.

நான் எதற்கும் பதறுகிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலத்தில் அவலாஞ்சி அணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மின்வாரியக்காரரின் புத்தகத்தை முடித்துக் கொடுத்தேன். வெளியீட்டு விழா அன்று ஊட்டி முழுவதும் மஞ்சு மூட்டம் இறங்கியிருந்தது. மேடையில் அடுக்கி வைத்த புத்தகங்களின் அட்டைகள் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மேலே சுருண்டன. பேச்சாளர் பேசப் பேச, மேஜை மேல் எல்லாப் புத்தகமும் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. நான் ஓடிப்போய்க் கையால் அமுக்கினேன். அமுக்கிய கையை எடுத்ததும் மறுபடி திறந்தது. எழுதியவர் மைக்கைப் பிடித்து, "பாருங்க, நான் ஒண்ணும் சொல்லலீங்க, புஸ்தகமே தெறந்து படிங்கன்னு சொல்லுது" என்றார். அரங்கம் சிரித்தது. நான் மட்டும் வீடு போகும்வரை அழுகையை அடக்கிக்கொண்டிருந்தேன்.

நம் முதலாளியம்மா மறுநாள் என்னைக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நின்றேன். "அட்டை ஈரத்துல சுருளும், வெயில்ல நிமிரும், அது போகட்டும். தளத்துல அப்ரூவ்னு ஒரு பட்டன் இருக்குதல்ல, அதை அமுக்கறதுக்கு முன்னாடி மட்டும் எந்திரிச்சுப் போயி ஒரு டீ குடிச்சிட்டு வா" என்றார். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

புஷ்பராணி அக்காவின் புத்தகம் வந்தபோதுதான் அது எதற்கு என்று புரிந்தது.

அக்கா சேரங்கோடு பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைகள் காப்பகத்து ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர் என்பதால் அந்தக் காப்பகத்தைப் 'புள்ளக்காம்பரா' என்றுதான் சொல்வார். நம் மாடியேறி வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கடை வீட்டு மருமக நீங்கதானே?"

என் மாமனார் அந்தத் தோட்டத்தின் கீழே மளிகைக் கடை வைத்திருந்தார். ஆட்கள் குறைந்து கடையை மூடிய பிறகுதான் குடும்பம் ஊட்டிக்கு, காந்தலுக்கு வந்தது. மாமனார் இப்போது இல்லை. என் அத்தையை, அதாவது மாமியாரை, அந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் 'கடையம்மா' என்றுதான் சொல்கிறார்கள். அந்த உறவில்தான் அக்கா வேறு எங்கும் போகாமல் என்னிடம் வந்தார்.

இளம் தம்பதிகள் எல்லாம் திருப்பூருக்குப் போய்விட்டதால் காப்பகத்தில் இரண்டு மூன்று குழந்தைகளே மிச்சம். தோட்டத்து மாரியம்மன் திருவிழா முடிந்ததும் மூடிவிடுவதாக முடிவாகியிருந்தது. திருவிழாவுக்கு வெளியூர் போனவர்கள் எல்லோரும் வருவார்கள். அன்றைக்கு, அங்கே தூங்கி வளர்ந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு புத்தகம் கொடுக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை.

"என்ன புத்தகங்கக்கா?"

"யாரு யாரு எப்பிடித் தூங்குனாங்கன்னு. ஆளுக்கு ஒரு பக்கம்."

எனக்குப் புரியவில்லை என்பதை அவர் என் முகத்தில் பார்த்திருக்க வேண்டும்.

"அவங்க பேரு, படிப்பு, வேலையெல்லாம் அவங்களுக்கே தெரியும், தங்கச்சி. எப்பிடித் தூங்குனாங்கன்னு அவங்களுக்கும் தெரியாது, தேயிலக் காட்டுல நின்ன ஆத்தாமாருக்கும் தெரியாது. எனக்கு மட்டுந்தான் தெரியும். அத நான் வச்சிக்கிட்டு என்னா செய்ய?"

அக்கா எதையும் எழுதித் தரவில்லை. குழந்தைகள் தூங்கும் மத்தியான நேரத்தில் கைபேசியில் பேசிப் பதிவு செய்து அனுப்புவார். தூங்குகிற பிள்ளைகள் எழுந்துவிடக் கூடாதென்று எல்லாப் பதிவும் குசுகுசுப்பாகவே இருக்கும். நான் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்வேன். ஒரு பையன் திட்டினால்தான் தூங்குவானாம். கொஞ்சினால் விழித்துக்கொள்வானாம். ஒரு பெண் குழந்தை கொழுந்துச் சாக்கின் மேல் போட்டால் மட்டுமே கண்ணை மூடும், அதுவும் காலிச் சாக்காக இருந்தால் கண்டுபிடித்துவிடும். கேட்கக் கேட்க என் வீட்டு நினைப்பு வந்துவிடும். அப்போது என் மகளுக்கு எட்டு மாதம். நான் வேலைக்கு வந்தது அத்தை அவளைப் பார்த்துக்கொண்ட தைரியத்தில்தான். உடனே வீட்டுக்குக் கூப்பிடுவேன்.

"பாப்பா தூங்கிட்டாளுங்களா அத்தை?"

"இப்பத்தான் கண்ணு கண்ண மூடுனா. நீ கூப்புட்டு எழுப்பிப்போட்டே."

இப்படித்தான் அந்தப் புத்தகம் வளர்ந்தது. கடைசியில் ஒரு நாள் இந்தப் பதிவு வந்தது. அக்காவின் குசுகுசுப்பிலேயே எழுதுகிறேன்.

"அடுத்தது கடைத் தம்பி. மூணு மாசப் புள்ள. அம்மாவுக்கு மஞ்சக் காமாலை, வைத்தியத்துக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. டப்பாப் பால் குடுத்தாத் துப்பிடும். கடை மொதலாளி ஒரு சோப்புப் பெட்டியில துணிய விரிச்சுப் புள்ளையத் தூக்கிட்டு வந்து வாசல்ல நிக்கிறாரு. பேச்சு வரல. தன் புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டிருந்த ஒரு அம்மா, கையை நீட்டி அவனையும் வாங்கி மடியில போட்டுக்கிட்டாங்க. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் குடிச்சாங்க. அவங்க காதைப் பிடிச்சுக்கிட்டாத்தான் அவன் தூங்குவான். தோடு அவன் வெரல்ல குத்துதுன்னு அந்தக் காதுத் தோட்டக் கழட்டி வச்சிட்டாங்க. அம்மா வர்ற வரைக்கும் அப்பிடித்தான்."

நான் இயர்போனைக் கழற்றினேன்.

என் வீட்டுக்காரர் இன்றைக்கும் தன் காது மடலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவார். என் மகளும் அப்படித்தான், அத்தையின் காது சிவக்கும்வரை விடமாட்டாள்.

மற்ற மாமியார்கள் மகனின் கைக்குழந்தைக் கதையை மருமகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். என் அத்தை ஒரு நாளும் சொன்னதில்லை. ஏன் என்று நான் யோசித்ததும் இல்லை. இப்போது யோசித்தேன். எங்கள் குடும்பத்தில் சாதி பார்க்கிற சொந்தக்காரர்கள் நிறைய. கடை அந்தத் தோட்டத்திலேயே இருந்தும், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் தண்ணீர் வாங்கிக் குடிக்காத குடும்பம் அது. அக்கா பெயர் எதுவும் போடவில்லைதான். ஆனால் அந்தத் தோட்டத்துக்கே கடைத் தம்பி ஒருவன்தான். திருவிழாவில் எல்லோரும் படிப்பார்கள். யாராவது ஒருவர் எங்கள் சொந்தத்தில் சொல்வார்கள். அத்தைக்கு என்ன ஆகும்? உண்மையைச் சொன்னால், அத்தைக்குக் கோபம் வந்தால் நாளைக்குப் பாப்பாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் நினைத்தேன்.

இந்த ஒரு பக்கம் வேண்டாமே என்று அக்காவிடம் சொன்னால் அவர் கேட்டிருப்பார். கடை வீட்டு மருமகளின் பேச்சைத் தட்டமாட்டார். அதனாலேயே சொல்ல வாய் வரவில்லை. என் வீட்டுக்குச் சங்கடம் என்பதற்காக அவர் நினைவில் கைவைக்க நான் யார்? சொல்லாமல் அச்சுக்கு அனுப்பவும் பயம். மறுநாள் மாலைக்குள் அப்ரூவ் செய்யாவிட்டால் திருவிழாவுக்குள் புத்தகம் மலையேறாது.

அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அத்தை சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். காகிதத்தை நீட்டி, "இதைப் படிச்சுப் பாருங்க அத்தை. வேண்டாம்னா எடுக்கச் சொல்லிக் கேக்கறனுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அத்தை கையைத் துடைத்துவிட்டு, காகிதத்தை எட்டிப் பிடித்து, உதட்டை அசைத்துப் படித்தார். முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடியும் படித்தார்.

"இதென்ன கண்ணு, 'ஒரு அம்மா'ன்னு போட்டிருக்குது? அவளுக்குப் பேரில்லியா?"

பையைக் கீழே வைத்தேன்.

"உங்களுக்குத் தெரியுங்களா அத்தை?"

"நோவு தீர்ந்து திரும்பி வந்தப்ப, டப்பாப் பாலு குடுத்துத் தேத்திப்போட்டேன்னாரு உங்க மாமா. பையனத் தூக்கி மடியில போட்டேன். போட்டவொடனே அவங் கை மேல வந்து என்ற காதத் தேடுது. நான் ஒரு நாளும் அவனுக்குக் காதக் குடுத்துப் பழக்குனதில்ல. வேற யாரு மடியிலயோ இருந்திருக்கறான்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"யாருன்னு எப்படீங்க தெரிஞ்சுது?"

"அடுத்த வாரம் தெய்வானை சாமான் வாங்க வந்தா. ஒத்தக் காதுல தோடில்ல."

பூண்டை மறுபடி எடுத்தார், உரிக்கவில்லை.

"அன்னைல இருந்து அவ கடைக்கு வந்தா நான் உள்ள போயிருவேன். உங்க மாமாதான் சாமான் கட்டிக் குடுப்பாரு. அவளும் ஒண்ணும் கேக்கல, நானும் ஒண்ணும் சொல்லல. சொந்தக்காரங்களுக்குப் பயந்தேன். அப்பறம் பையனுக்குப் பொண்ணு பாக்கற காலம் வந்துது, உங்கூட்டுல என்ன சொல்லுவாங்களோன்னு பயந்தேன். கல்யாணத்துக்கப்பறம் உனக்குப் பயந்தேன் கண்ணு. தெரிஞ்சா நீ என்ன நெனப்பியோன்னு, இந்தக் காயிதத்த நீ நீட்டற வரைக்கும்."

நான் அவருக்குப் பயந்துகொண்டு சமையலறை வாசலில் நின்றிருக்கிறேன். அவர் எனக்குப் பயந்துகொண்டு இத்தனை நாள் என் குழந்தையைத் தாலாட்டியிருக்கிறார். நானும் உட்கார்ந்து பூண்டு உரித்தேன்.

"பேரப் போடச் சொல்லு" என்றார் அத்தை.

புஷ்பராணி அக்காவைக் கூப்பிட்டேன். "நான் போடாம விடுவனா? தெய்வானைகிட்டக் கேட்டேன். வேணாம்னுட்டா" என்றார்.

அத்தை என் கையிலிருந்து கைபேசியை வாங்கினார். "நான் வந்து கேக்கறேன்னு சொல்லு அவகிட்ட. நாளைக்கே வாரேன்."

மகனிடம் எதுவும் சொல்ல வேண்டாம், நேரம் பார்த்துத் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். பழைய ஆட்களைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு, காலை முதல் பஸ்ஸில் பாப்பாவையும் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். அத்தை கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தார். கூடலூர் தாண்டியதிலிருந்து சேலை மடிப்பை நீவிக்கொண்டே இருந்தார். தோட்டத்துக்குப் போகச் சேரம்பாடியில் இறங்கும்போது என் கைபேசி மலைக்கு அந்தப் பக்கத்து டவரைப் பிடித்து, கேரளத்துக்கு நல்வரவு என்றது. இணையம் கிடைக்குமா என்று அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

காப்பகத்தில் மூன்று தொட்டிலில் மூன்று குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. புஷ்பராணி அக்கா உதட்டில் விரலை வைத்துத்தான் எங்களை வரவேற்றார். கொழுந்தை எடை போட்டுவிட்டுத் தெய்வானை அம்மா வந்தார். மெலிந்த உடம்பு, மழைக்கு இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படங்கில் ஈரம் சொட்டியது. இரண்டு காதிலும் தோடு இருந்தது. நான் முதலில் பார்த்தது அதைத்தான். அவர் அத்தையைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

"கடையம்மாவா? என்னாங்க இப்பிடி எளைச்சுப் போயிட்டீங்க?"

"சத்தமில்லாம பேசு" என்றார் அக்கா.

அதன்பிறகு நடந்த பேச்சு முழுவதும் குசுகுசுப்பில்தான் நடந்தது.

"தெய்வான, இந்தப் பொஸ்தகத்துல உன்ற பேரு இருக்கோணும்."

"வேணாங்க."

"ஏன், என்ற மேல கோவமா?"

"கோவமிருந்தா இத்தன வருசம் ஒங்க கடையில சாமான் வாங்கியிருப்பேனா? ஒங்க பருப்புல பாதி கல்லுதான், அதையே பொறுத்துக்கிட்டேன்."

புஷ்பராணி அக்கா சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். ஒரு தொட்டில் அசைந்தது. நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அது அடங்கியது.

"பருப்பு அவரு வாங்கிப் போட்டது" என்றார் அத்தை. "நான் பேச வந்தது வேற. உள்ளாற போயி ஒளிஞ்சுக்கிட்டவ நானு. அது எனக்கே பொறுக்க மாட்டேங்குது."

"நீங்க உள்ள போறது எனக்குத் தெரியுங்க. நீங்க போனப் பொறகு நான் அவனப் பாத்துக்குவேன். கடை வாசல்ல உக்காந்து படிச்சுக்கிட்டிருப்பான். காதப் பிடிச்சுக்கிட்டுத்தான் படிப்பான். அத ஒரு பார்வை பாத்துட்டு லயத்துக்குப் போயிருவேன். அது எனக்குப் போதுமாத்தான் இருந்துச்சு."

"அப்பறம் ஏன் பேரு வேண்டாங்கறே?"

தெய்வானை அம்மா கீழே உட்கார்ந்து படங்கை அவிழ்த்தார்.

"பேரு போட்டா அவன் படிப்பான். படிச்சா வந்து பாக்கணும்னு ஆயிரும். மனசு இருந்தாலும் வரணும், இல்லாட்டியும் வரணும். அந்தத் தொந்தரவு அவனுக்கு எதுக்கு? பேரில்லேன்னா அவன் பாட்டுக்கு இருப்பான்."

"அவன் வருவான். நானே கூட்டிட்டு வாரேன்."

"நீங்க கூட்டிட்டு வந்தா அது நீங்க வந்ததுங்க. அவன் வந்ததில்ல."

அத்தை என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "நீ போடு கண்ணு. அவ அப்பிடித்தான் சொல்லுவா. நான் சொல்றேன், போடு."

இணையம் வருவதும் போவதுமாக இருந்தது. திரையில் அந்தப் பக்கம் திறந்திருந்தது. 'ஒரு அம்மா' என்ற இரண்டு சொல்லை அழித்து ஒரு பெயரை அடிக்க ஒரு நொடி போதும். புஷ்பராணி அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மூவரும் என்னைவிட மூத்தவர்கள். அத்தையின் ஆசை நியாயமானது. தெய்வானை அம்மாவின் மறுப்பும் நியாயமானது. நான் வழக்கம்போல இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக் குழம்பினேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாமா என்று கைபேசியை எடுத்து, அப்படி ஒரு செய்தியை விட்டு விட்டுக் கேட்கும் அழைப்பில் சொல்லக் கூடாதென்று வைத்துவிட்டேன்.

அப்போது எனக்குக் கைகொடுத்தது நம் வேலையின் தன்மைதான். இது ஒரேயடியாக அச்சடித்து முடித்துவிடும் புத்தகம் இல்லை. அடுத்த பிரதியில் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஆனால் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்ட பிரதிகளிலிருந்து ஒரு பெயரைத் திரும்ப வாங்க முடியாது. போடாத பெயரைப் பிறகு போடலாம். போட்ட பெயரை எடுக்கவே முடியாது. எது சரி என்று தெரியாதபோது, பின்னால் திருத்த முடிகிற பக்கம் நிற்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி. இதைத்தான் படியில் நின்று உங்களிடம் சொல்ல நினைத்திருக்கிறேன்.

"மன்னிச்சுக்கங்க அத்தை. அவங்க வேண்டாங்கற வரைக்கும் நான் போட மாட்டனுங்க" என்றேன்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அத்தையிடம் நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் முறை. அதையும் வெளியாட்கள் முன்னால் சொன்னேன். அத்தை பாப்பாவை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"எல்லாரும் தேத்தண்ணி குடிங்க" என்று அக்கா அடுப்பங்கரைக்குப் போனார்.

டம்ளர்கள் வந்தன. எனக்கு முதலாளியம்மா சொன்னது நினைவுக்கு வந்தது, சிரிப்பும் வந்தது. அத்தைக்கு தெய்வானை அம்மாதான் எடுத்துக் கொடுத்தார். அத்தை வீட்டுக்கு வெளியே எங்கே போனாலும் அண்ணாந்துதான் குடிப்பார். அன்றைக்கு டம்ளரை வாங்கி, உதட்டில் வைத்துக் குடித்தார். தெய்வானை அம்மா அதைப் பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் பார்த்தார்.

நானும் குடித்து முடித்தேன். ஜன்னலோரம் இணையம் வந்தது. 'ஒரு அம்மா' என்பது அப்படியே இருக்க, அப்ரூவ் கொடுத்தேன்.

திரும்பும் வழியில் நான் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். கூடலூரில் பஸ் நின்றபோது அத்தை வாயைத் திறந்தார்.

"மாமியாள எதுத்துப் பேசறதக்கூடக் குசுகுசுன்னு பேசறவ நீ ஒருத்திதான் கண்ணு."

எனக்குப் போன உயிர் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை மகனிடம் சொன்னார். நான் அடுத்த அறையில் பாப்பாவைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தேன். அத்தை சொல்லி முடித்த பிறகு என் வீட்டுக்காரர் ஒன்று மட்டும் கேட்டார்.

"எந்தக் காதும்மா?"

"எடது காது."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்துவிட்டு வந்தார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

திருவிழாவுக்குப் புத்தகங்கள் வந்து சேர்ந்தன. கோயில் முன்னால் ஒருவர் பக்கத்தை ஒருவர் சத்தமாகப் படித்துக் கேலி செய்தார்கள். திட்டினால்தான் தூங்குவான் என்று எழுதப்பட்டவனின் மனைவி, "இப்பவும் அப்பிடித்தாங்க, நான் தெனமும் திட்டித்தான் தூங்க வெக்கிறேன்" என்றாள். கூட்டம் சிரித்துத் தீரவில்லை. 'கடைத் தம்பி' பக்கத்தையும் யாரோ படித்தார்கள். யாரும் அதிர்ச்சியடையவில்லை. பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. சொந்தத்தில் என்ன பேசுவார்கள் என்று நான் நடுங்கியதற்கு ஒன்றும் நடக்கவில்லை.

ஆனால் என் வீட்டுக்காரர் வரவில்லை. ஃபேக்டரியில் சரக்குக் கணக்கெடுப்பு, லீவு இல்லை என்றுவிட்டார். நாங்கள் இறங்கியபோது தெய்வானை அம்மா எங்களுக்குப் பின்னால் பஸ் படியைப் பார்த்தார். கதவு சாத்தி பஸ் கிளம்பியதும், "பாப்பாவுக்குப் பல்லு வந்துருச்சா?" என்று கேட்டார்.

அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெயரைப் போட்டிருந்தால் வந்திருப்பாரோ? பெயரில்லாததால்தான் அவர் அதை ஒரு கதையாக விட்டுவிட்டாரோ? பின்னால் திருத்தலாம் என்று நான் நினைத்த அந்தப் பின்னால் வராமலே போய்விடுமோ? அத்தை என்னைக் குத்திக்காட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. நீங்களும் இந்த நாற்காலியில் இப்படிச் சில நாட்களைக் கழிப்பீர்கள். சரியாகத்தான் செய்தோம் என்று சொல்ல யாரும் வரமாட்டார்கள்.

சில வாரங்கள் கழித்து, கோயம்புத்தூரில் வாடகை வீடு பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் காலையில் கிளம்பினார். மறுநாள் மத்தியானம் ஒரு பெண் திருத்தத்துக்குக் கொண்டுவந்த கோலப் புத்தகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. காட்டிலிருந்து காட்டுக்குக் கூப்பிடுகிற உரத்த குரல்.

"கடை வீட்டு மருமகளா?"

குசுகுசுப்பில் மட்டுமே கேட்ட குரல் என்பதால் எனக்கு முதலில் ஆள் பிடிபடவில்லை.

"தெய்வானைதான் பேசறேன். வந்துட்டுப் போனான்."

"யாருங்கம்மா?"

"யாரா? நல்லா கேட்டீங்க! நேத்து நான் கொழுந்து நிறுத்துட்டு வர்றேன், லயத்து வாசல்ல உக்காந்திருக்கான். ஒங்ககிட்டச் சொல்லலியா? வீடு பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தானாம், திருட்டுப் பய. சோறு தின்னான். என்னமோ பேச வந்தான், பேச வரல, அப்பன மாதிரியே. எங் காதப் பாத்தான், சிரிச்சிட்டான். எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. யாரும் கூட்டிட்டு வரல. அவனாத்தான் வந்தான். இப்பப் போட்டுக்கங்க."

கோலப் புத்தகத்துப் பெண்ணைக் கொஞ்சம் உட்காரச் சொன்னேன். புஷ்பராணி அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கோப்பைத் திறந்து, 'ஒரு அம்மா' என்பதை அழித்து, 'தெய்வானை' என்று அடித்து, அப்ரூவ் கொடுத்தேன். திருவிழாவில் கொடுத்த பிரதிகளில் அந்தப் பெயர் இருக்காது. இனி யார் கேட்டாலும் அச்சாகிற பிரதியில் இருக்கும். முதல் பிரதியை அத்தை பெயருக்கு நானே கேட்டு வைத்தேன்.

அன்றைக்கு நான் எழுந்து போய் டீ குடிக்கவில்லை.